பற்று நோட்டைக் கிழிப்பதும் மறுபடி கடன் கொடுப்பதும்: உறவினரை மன்னிப்பது பற்றி இஸ்லாம் சொல்வது

ரமலானுக்கு முன் வரும் பராஅத் இரவு (பாவமன்னிப்புக் கேட்கும் இரவு) நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். “தெரிந்தோ தெரியாமலோ நான் உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் அல்லாஹ்வுக்காக மாப்பு செய்யுங்கள்.” இருநூறு பேருக்கு ஒரே தட்டில் போகும். பத்து வருடமாகத் தங்கையின் பங்கைக் கையில் வைத்திருக்கும் காக்காவும் (அண்ணனும்) அனுப்புவார். அந்தத் தங்கையும் “ஆமீன்” என்று பதில் போடுவார். ரமலான் பிறை தெரிந்த பிறகும் இருவருக்கும் பழையபடி பேச்சுவார்த்தை இருக்காது. இதில் யார் யாரை மன்னித்தார்? எதை மன்னித்தார்?

மன்னிப்பு என்று வந்தால் நம் வீடுகளில் பேச்சு இரண்டு பக்கமாகச் சாய்கிறது. பெரியவர்கள் சொல்வது: “உறவை முறிச்சவன் சொர்க்கம் போக மாட்டான். மன்னிச்சு விட்டுட்டுப் பத்திரத்துல கையெழுத்தைப் போடும்மா.” அடிபட்டவர் சொல்வது: “அவங்க செஞ்சதை மஹ்ஷர்ல (மறுமை விசாரணை நாளில்) பார்த்துக்கறேன். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.” இருவர் வாயிலும் மார்க்கம்தான் வருகிறது. இருவர் செய்யும் பிழையும் ஒன்றே. தனித்தனிச் சட்டம் உள்ள நான்கு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

## மளிகைக் கடை நோட்டு

தெருமுனை மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 4,000 ரூபாய்க்குப் பற்று வைத்துவிட்டு, கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். கடைக்காரர் முன்னால் நான்கு கேள்விகள் இருக்கின்றன.

அந்த 4,000 ரூபாயை வசூலிப்பதா, தள்ளுபடி செய்வதா? அந்த ஆளை நினைத்தாலே வயிறு எரிகிறதே, அதை என்ன செய்வது? தொழுகைக்குப் போகும் வழியில் எதிரே வந்தால் ஸலாம் சொல்வதா? நாளை வந்து அரிசி கேட்டால் மறுபடி பற்று எழுதுவதா?

நான்குக்கும் ஒரே பதில் இருக்க வேண்டியதில்லை. கடனைத் தள்ளிவிட்டு, ஸலாமும் சொல்லி, “இனி ரொக்கம்தான் பாய்” என்று ஒருவர் சொல்லலாம். கடனை விடாமல் வசூலித்துக்கொண்டே சிரித்த முகமாகவும் இருக்கலாம். வெளியே ஸலாமும் உள்ளே எரிச்சலுமாக இருப்பவரும் உண்டு. அவரும் பாவி என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

உறவினர் செய்த தவறிலும் இதே நான்குதான். உரிமை, உள்ளம், உறவு, நம்பிக்கை. இனி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

## குர்ஆன் பயன்படுத்தும் மூன்று சொற்கள்

தமிழில் ‘மன்னிப்பு’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பதற்குக் குர்ஆன் மூன்று சொற்களை வைத்திருக்கிறது. குடும்பத்தைப் பற்றியே பேசும் ஒரு வசனத்தில் (64:14, அதாவது 64ஆம் அத்தியாயம், 14ஆம் வசனம்) மூன்றும் வரிசையாக வருகின்றன. உங்கள் மனைவியரிலும் பிள்ளைகளிலும் உங்களுக்கு எதிரிகளாவோர் உண்டு, எச்சரிக்கையாக இருங்கள் என்று தொடங்கும் அந்த வசனம், நீங்கள் ‘அஃப்வ்’ செய்தால், ‘ஸஃப்ஹ்’ செய்தால், ‘மஃபிரத்’ செய்தால் அல்லாஹ்வும் மன்னிப்பவனாக, கருணையாளனாக இருக்கிறான் என்று முடிகிறது.

அஃப்வ் என்பதன் வேர்ப்பொருள் அழித்தல். மணலில் பதிந்த காலடியைக் காற்று அழிப்பதற்கும் அரபியில் இதே வேர்தான். பற்று நோட்டில் அந்தக் கணக்கின் மேல் கோடு போடுவது இது. ஸஃப்ஹ் என்றால் கண்டுகொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஏட்டின் பக்கத்துக்கு அரபியர் சொல்லும் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு, பிறகு குத்திக்காட்டாமல் இருப்பது ஸஃப்ஹ். மஃபிரத்தின் வேர்ப்பொருள் மூடுதல்; போர்வீரன் தலையை மூடும் கவசத்துக்கு ‘மிஃபர்’ என்று பெயர். ஊர் வாயில் அந்தத் தவறு விழாதபடி மூடிவைப்பது இது.

இதே வசனம் “எச்சரிக்கையாக இருங்கள்” என்று தொடங்குவதைக் கவனிக்க வேண்டும். மன்னிக்கத் தூண்டும் வசனமே எச்சரிக்கையைத்தான் முதலில் வைக்கிறது. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) வசனத்தின் பின்பாதியை மட்டும் ஓதிக் கேட்டவர்களுக்கு இது புதிதாகப் படலாம்.

## உரிமை: கேட்பதும் மார்க்கம்தான்

ஹக் என்றால் ஒருவருக்குச் சேர வேண்டிய உரிமை. பணம், நிலம், மானம், உடல் ஆகியவற்றில் ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் மீதுள்ள உரிமைகளை ‘ஹக்குல் இபாத்’ என்பார்கள். இதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் உரியவருக்கு மட்டுமே உண்டு. ஜமாஅத் தலைவருக்கோ ஹஸ்ரத்துக்கோ (மார்க்க அறிஞருக்கோ) பெரியத்தாவுக்கோ கிடையாது.

உரியவருக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன: நியாயமான வழியில் கேட்டு வாங்கலாம், இங்கே கேட்காமல் மறுமைக்கு விட்டுவைக்கலாம், அஃப்வ் செய்து முற்றாக விட்டுவிடலாம். “தீமையின் கூலி அதைப் போன்ற தீமையே, எவர் மன்னித்துச் சீர்செய்கிறாரோ அவரது கூலி அல்லாஹ்விடம்” என்கிறது 42:40. அடுத்த வசனமே, அநீதி இழைக்கப்பட்ட பின் தன் உரிமைக்காக எழுந்து நிற்பவர் மீது குற்றமில்லை என்று சொல்லிவிடுகிறது. ஆக, மன்னிப்பது உயர்ந்த படி. கேட்பது கீழான படியானாலும் அனுமதிக்கப்பட்ட படி. கேட்பவரைப் பார்த்து “உனக்கு ஈமான் (இறைநம்பிக்கை) இல்லையா?” என்பவர் 42:41ஐ மறந்துவிட்டுப் பேசுகிறார்.

அபூசுஃப்யானின் மனைவி ஹிந்த் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, “அவர் கஞ்சர், எனக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை” என்று முறையிட்டார். பொறுத்துக்கொள் என்று நபியவர்கள் சொல்லவில்லை. உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்றார்கள். இதிலேயே இன்னொன்றும் தெளிவாகிறது. தீர்வு தரக்கூடியவரிடம் போய் நடந்ததைச் சொல்வது புறம் பேசுவதாகாது. புறம் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை மார்க்க அறிஞர் இமாம் நவவீ பட்டியலிடும்போது, அநீதி பற்றி முறையிடுவதையே முதலாவதாக வைக்கிறார். அதே கதையைக் கல்யாண வீட்டுப் பந்தியில் பதினைந்து பேருக்குச் சொல்வது அந்தக் கணக்கில் வராது.

சுருக்கமாக: உரிமையை விடுவது உங்கள் விருப்பம். கேட்டால் பாவமில்லை. விட்டால் கூலி உண்டு. “மன்னிக்கும் அடியாருக்கு அல்லாஹ் கண்ணியத்தையே கூட்டுகிறான்” என்பது ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்ற தொகுப்பில் வரும் நபிமொழி.

## மிஸ்தஹ்: நான்கு இழையும் பிரிந்து தெரியும் இடம்

உறவினர் மன்னிப்பு பற்றிக் குர்ஆனில் இறங்கிய மிகத் தெளிவான வசனம் 24:22. அதன் பின்னணியை முழுதாகப் பார்த்தால் நான்கு விஷயங்களும் தனித்தனியே தெரியும்.

மிஸ்தஹ் இப்னு உஸாஸா, நபித்தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களின் தாயுடன் பிறந்தவளின் மகளுக்குப் பிறந்தவர். ஒன்றுவிட்ட சகோதரியின் மகன், நம் முறையில் மருமகன். மக்காவை விட்டு வந்த ஏழை. பத்ருப் போரில் பங்கேற்றவர். அவருடைய செலவுக்கு அபூபக்ர்தான் கொடுத்துவந்தார். பனூ முஸ்தலிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், அபூபக்ரின் மகளும் நபியவர்களின் மனைவியுமான ஆயிஷா (ரலி) மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பியபோது, அதை எடுத்துப் பேசியவர்களில் இந்த மிஸ்தஹும் ஒருவர். தன் கையால் சோறு போட்டு வளர்த்தவன் தன் மகளின் மானத்தைப் பற்றியே பேசினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய ஒரு மாதம் அந்தப் பேச்சு ஊரில் சுற்றியது.

ஆயிஷாவின் தூய்மையை அறிவிக்கும் வசனங்கள் இறங்கிய பின், “அல்லாஹ் மீதாணை, இனி மிஸ்தஹுக்கு எதுவும் செலவழிக்க மாட்டேன்” என்று அபூபக்ர் சத்தியம் செய்தார். அப்போதுதான் 24:22 இறங்கியது. உங்களில் சிறப்பும் வசதியும் உடையோர், உறவினருக்கும் ஏழைகளுக்கும் அல்லாஹ்வின் பாதையில் நாடு துறந்தோருக்கும் கொடுக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டாம். அஃப்வ் செய்யட்டும், ஸஃப்ஹ் செய்யட்டும். அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்களா? “ஆம், அல்லாஹ் என்னை மன்னிப்பதை நான் விரும்புகிறேன்” என்று சொல்லி, அபூபக்ர் பழையபடி கொடுக்கத் தொடங்கினார்.

பயானில் இந்தக் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அதே அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அவதூறுக்கு 80 கசையடி என்று விதிக்கிறது. மிஸ்தஹுக்கு அந்தத் தண்டனை நிறைவேற்றப்பட்டதாக அறிவிப்புகள் உள்ளன. மன்னிப்பு வசனமும் தண்டனை வசனமும் ஒரே அத்தியாயத்தில், ஒரே சம்பவத்தைச் சுற்றி நிற்கின்றன. உதவித்தொகை தொடர்ந்தது, தண்டனையும் நடந்தது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. விஷயம் தெரிந்தபின் ஆயிஷா அழுததையும் மன்னிப்பின்மை என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு சிறு விவரம். அவதூறு பற்றி ஆயிஷாவுக்கு இன்னும் தெரியாத ஓர் இரவில், மிஸ்தஹின் தாயே ஆடை தடுக்கி விழுந்தபோது தன் மகனைச் சபித்தார். “பத்ரில் கலந்துகொண்ட ஒருவரையா ஏசுகிறீர்கள்?” என்று கேட்டவர் ஆயிஷாதான். ஒருவர் செய்த ஒரு தவறு அவர் செய்த நல்லதையெல்லாம் துடைத்துவிடாது என்ற எண்ணம் அந்த வீட்டில் முன்பே இருந்திருக்கிறது.

## உறவு: மன்னிக்காவிட்டாலும் வறளவிடக் கூடாது

இரத்த உறவைப் பேணுவதற்கு ‘ஸிலத்துர் ரஹ்ம்’ என்று பெயர். ரஹ்ம் என்றால் கருப்பை. ஒரே கருப்பையின் வழியாகப் பின்னிய உறவு என்பது பொருள். இது கடமை. இங்கேதான் உரிமைக்கும் உறவுக்கும் வேறுபாடு: உரிமையை விடுவது விருப்பம், உறவைப் பேணுவது கட்டாயம்.

“உறவை முறிப்பவன் சொர்க்கம் புகமாட்டான்” என்ற நபிமொழி ஸஹீஹானது (ஆதாரபூர்வமானது). ஆனால் அதில் வரும் ‘முறிப்பவன்’ யார்? பங்கைக் கேட்டவரா, பங்கைத் தராமல் பேச்சை நிறுத்தியவரா? நியாயமான வழியில் உரிமை கேட்பதற்கு உறவு முறிப்பு என்று பெயரில்லை. இந்த நபிமொழியைச் சொல்லிப் பயமுறுத்துபவர், அதை யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

குறைந்த அளவு என்ன? அறிஞர் காழீ இயாழ் சொன்னதை நவவீ எடுத்தெழுதுகிறார்: உறவைப் பேணுவதில் பல படிகள் உண்டு. மிகக் கீழான படி, ஒதுக்குவதை விட்டுவிட்டு ஒரு ஸலாமாவது சொல்லிப் பேச்சைத் தக்கவைப்பது. இரண்டு பெருநாளுக்கு ஒரு ஃபோன், நோயென்றால் போய்ப் பார்ப்பது, மவுத் (மரணம்) என்றால் ஜனாஸாவில் (இறுதித் தொழுகையில்) நிற்பது. மாதம் தவறாமல் விருந்துக்குப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நபியவர்கள் இதற்குப் பயன்படுத்திய சொல் அழகானது. ஒரு குடும்பத்தாரைக் குறிப்பிட்டு, “அவர்கள் என் நேசர்கள் அல்ல, ஆனால் அவர்களுக்கு என்னோடு இரத்த உறவு உண்டு, அதை நான் அதற்குரிய ஈரத்தால் நனைப்பேன்” என்றார்கள். புகாரீ என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. கெட்டித் தோழமை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, ஈரம் காயவிடமாட்டேன் என்கிறார்கள். நாமும் தமிழில் மனசில் ஈரமில்லாதவன் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஈரம்தான்.

மறுபக்கம் பதில் வராவிட்டால்? “பதிலுக்குப் பதில் செய்பவன் உறவைப் பேணுபவன் அல்லன், தன் உறவு முறிக்கப்பட்டபோதும் சேர்ப்பவனே பேணுபவன்” என்பது நபிமொழி. ஒருவர் வந்து, “நான் சேர்க்கிறேன், அவர்கள் முறிக்கிறார்கள், நான் நன்மை செய்கிறேன், அவர்கள் தீமை செய்கிறார்கள்” என்றபோது, “நீ சொல்வது போலவே இருந்தால், அவர்களுக்குச் சுடுசாம்பலை ஊட்டுகிறாய், நீ இப்படியே இருக்கும்வரை அல்லாஹ்விடமிருந்து ஓர் உதவியாளர் உன்னோடு இருப்பார்” என்றார்கள். பதில் ஸலாம் வராததால் நீங்கள் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். உங்கள் கடமை, சொல்வதோடு முடிகிறது.

மூன்று நாள் கணக்கும் இங்கே வருகிறது. மூன்று இரவுகளுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு பேசாமல் இருப்பது ஆகாது. இருவரில் சிறந்தவர் ஸலாமை முதலில் தொடங்குபவர். கோபம் ஆறுவதற்கு மார்க்கம் தரும் அவகாசம் அந்த மூன்று நாள். இதைச் சொந்த உலகக் கோபத்துக்கான வரம்பாகத்தான் அறிஞர்கள் விளக்குகிறார்கள். விதிவிலக்கு அடுத்த பகுதியில் வருகிறது.

போகிற போக்கில் ஒன்று: மாமியாரும் கொழுந்தனாரும் சட்டப்படி ‘ரஹ்ம்’ அல்ல, திருமண உறவு. முஸ்லிமுக்கு முஸ்லிம் என்ற உரிமைகள் அவர்களுக்கும் உண்டு, ஆனால் இரத்த உறவின் தனிக் கடமை அவர்கள் விஷயத்தில் வராது. நம் ஊரில் மாமன் மகளையே கட்டுகிற வழக்கம் இருப்பதால், பல வீடுகளில் மாமியாரே குப்பியாகவும் (அத்தையாகவும், அதாவது தந்தையின் சகோதரியாகவும்) இருப்பார். அப்போது ரஹ்ம் வந்துவிடும்.

## நம்பிக்கை: மறுபடி பற்று எழுத வேண்டியதில்லை

உஹதுப் போரில் நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர் வஹ்ஷீ. சில ஆண்டுகளுக்குப் பின் இஸ்லாத்தை ஏற்று நபியவர்கள் முன் வந்து நின்றார். அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது, பழி வாங்கப்படவில்லை. ஆனால் நபியவர்கள் கேட்டார்கள்: “உன் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா?” அவரும் விலகிப் போனார்.

“மன்னித்துவிட்டேன் என்றால் முன்போல வந்து போக வேண்டுமே” என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேட வேண்டியதில்லை. கணக்கு தீர்ந்த பிறகும் தூரம் இருக்கலாம்.

“முஃமின் (இறைநம்பிக்கையாளன்) ஒரே பொந்தில் இரண்டு முறை கொட்டப்படமாட்டான்” என்பதும் நபிமொழிதான். சீட்டுப் பணத்தை ஏமாற்றிய மச்சானை மன்னிக்கலாம். மன்னித்த கையோடு வங்கிக் கடனுக்கு அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அதை மன்னிப்பின் கணக்கில் எழுத முடியாது, கவனக்குறைவில்தான் எழுத வேண்டும். ஒருவரோடு பழகினால் தன் மார்க்கத்துக்கோ உலக வாழ்வுக்கோ கேடு வரும் என்று அஞ்சுபவர் மூன்று நாளுக்கு மேலும் ஒதுங்கியிருக்கலாம் என்று அறிஞர் இப்னு அப்தில் பர் சொல்கிறார். துன்பம் தரும் நெருக்கத்தைவிட அழகான விலகல் சில நேரம் மேலானது என்பது அவர் கூற்று. அழகான விலகல் என்றால் ஏச்சு, வதந்தி, பழிவாங்கல் எதுவும் இல்லாத விலகல்.

அடிக்கும் கணவர், குழந்தையிடம் தவறாக நடந்த உறவினர் போன்ற விஷயங்களில் இந்தக் கோடு இன்னும் அழுத்தமானது. குழந்தைக்கு நடந்ததை மன்னிக்கும் அதிகாரம் பெற்றோருக்கு இல்லை. மூடிமறைப்பது மஃபிரத்தும் ஆகாது, அடுத்த குழந்தைக்குக் குழி தோண்டுவதாகத்தான் முடியும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். “குடும்ப மானம்” என்று ஜமாஅத்திலேயே பேசி முடிப்பதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

இதுவரை வந்ததைச் சேர்த்தால்: உரிமையை விடலாம், விடாமலும் இருக்கலாம். உறவின் ஈரத்தைக் காயவிடக் கூடாது. நம்பிக்கையை மறுபடி சம்பாதிக்க வேண்டியது தவறு செய்தவர் வேலை.

## உள்ளம்: வலிப்பது பாவமல்ல

மனதில் தேங்கிநிற்கும் பகைக்கு ‘ஷஹ்னா’ என்று பெயர். திங்களும் வியாழனும் சொர்க்கத்தின் கதவுகள் திறக்கப்பட்டு, இணைவைக்காத எல்லா அடியாருக்கும் மன்னிப்பு வழங்கப்படுகிறது; தமக்கிடையே ஷஹ்னா உள்ள இருவருக்கு மட்டும் “இவர்கள் சமாதானமாகும்வரை விட்டுவையுங்கள்” என்று சொல்லப்படுகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த நபிமொழியைக் கேட்டுப் பலர் பயந்துபோகிறார்கள்: “எனக்கு இன்னும் நினைத்தால் அழுகை வருகிறதே, நான் மன்னிக்கவில்லையோ?”

வலியும் பகையும் வேறு. இறைத்தூதர் யஃகூப் (அலை), தம் பிள்ளைகள் தம்பி யூசுஃபைக் கிணற்றில் போட்டதற்கு ‘அழகிய பொறுமை’ காத்தார், ஆனால் கண் வெளுத்துப்போகும்வரை அழவும் செய்தார். குர்ஆன் அந்த அழுகையைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கெடுதி வரவேண்டும் என்று விரும்புவது, அவர் விழுந்தால் மகிழ்வது, விழவைக்க வழி தேடுவது ஆகியவைதான் ஷஹ்னாவின் அடையாளம். நினைவு வருவதும் நெஞ்சு கனப்பதும் கையில் இல்லை.

நேரமும் எடுக்கலாம். நபியவர்களின் பெரிய தந்தை மகனும் பால்குடிச் சகோதரருமான அபூசுஃப்யான் இப்னுல் ஹாரிஸ் (ஹிந்தின் கணவர் அல்ல, வேறொருவர்), ஆண்டுக்கணக்கில் அவர்களை ஏசிக் கவிதை பாடியவர். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்குப் போகும் வழியில் வந்து நின்றபோது நபியவர்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிறகு, யூசுஃபின் சகோதரர்கள் சொன்ன வார்த்தைகளையே அவர் சொல்ல, யூசுஃப் (அலை) தந்த பதிலையே நபியவர்கள் தந்தார்கள்: “இன்று உங்கள் மீது பழிச்சொல் இல்லை” (12:92). அதே அபூசுஃப்யான் பின்னர் ஹுனைன் களத்தில் நபியவர்களின் பக்கத்தை விட்டு அகலாமல் நின்றார்.

பழிச்சொல்லுக்கு அரபியில் ‘தஸ்ரீப்’. மன்னித்த பிறகு பழையதை எடுத்துக் குத்துவது. யூசுஃப் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அல்லாஹ் தமக்குச் செய்த அருளைத் தந்தை முன் சொல்லும்போது “சிறையிலிருந்து வெளியேற்றினான்” என்கிறார் (12:100). கிணற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. கிணற்றில் தள்ளியவர்கள் அந்த அறையில்தான் இருந்தார்கள்.

## சொத்து: அதிகம் குழம்பும் இடம்

மேலே சொன்னதெல்லாம் கடைசியில் வந்து முட்டுவது பெரும்பாலும் நிலத்திலும் வீட்டிலும்தான். ஒரு கணக்கைப் பார்ப்போம். வாப்பா 40 சென்ட் நிலத்தை விட்டு மவுத்தாகிறார். கடனும் வசிய்யத்தும் (உயிலும்) இல்லை. உம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். உம்மாவுக்கு எட்டில் ஒன்று: 5 சென்ட். மீதி 35ஐ நான்காக்கி, மகனுக்கு இரண்டு பாகம், 17.5 சென்ட். மகள்களுக்கு ஆளுக்கு ஒரு பாகம், 8.75 சென்ட். 40 சென்ட்டும் மகன் பெயருக்கு மாறி இருபது வருடம் ஆனாலும் அந்த 8.75 சென்ட் தங்கையுடையதுதான்.

இங்கே நடக்கும் தவறுகள் சில.

“காக்காவை மன்னிச்சிட்டேன்” என்று தங்கை சொன்னால், அவர் பட்ட மனவேதனைக்கு அது பொருந்தும். நிலப் பங்கு அந்த ஒரு சொல்லால் காக்காவுக்குப் போய்விடாது. கைமாற்றுக் கடனை “விட்டேன்” என்ற சொல்லால் தள்ளுபடி செய்யலாம்; அதற்கு ‘இப்ரா’ என்று பெயர். கண்முன் இருக்கும் நிலமோ வீடோ என்றால், தன் பங்கு இவ்வளவு என்று தெரிந்து, அதை அன்பளிப்பாகக் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். இந்தியச் சட்டத்தின் கண்ணுக்கு அது தெரிய வேண்டுமானால் விடுதலைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

அழுத்தத்தில் வாங்கும் கையெழுத்துக்கு மார்க்கத்தில் மதிப்பில்லை. ஒரு முஸ்லிமின் பொருள் அவர் மனம் ஒப்பினால் அன்றி ஹலால் ஆகாது. மையித்து (இறந்தவர்) வீட்டில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிவதற்குள் பத்திரத்தை நீட்டினால், அங்கே மனம் ஒப்புவது எங்கே இருக்கும்? உண்மையிலேயே விட்டுக்கொடுக்க நினைக்கும் பெண்ணும் முதலில் பங்கைக் கையில் வாங்கி, சில மாதம் வைத்திருந்து, பிறகு கொடுப்பது பாதுகாப்பான வழி. அப்போது தானாகக் கொடுத்ததா, பறிகொடுத்ததா என்ற சந்தேகம் வராது.

யத்தீம் (தந்தையை இழந்த) பிள்ளைகளின் பங்கை யாரும் மன்னிக்க முடியாது. கணவர் மவுத்தான பின் சாச்சா (சித்தப்பா) பிள்ளைகளின் சொத்தை எடுத்துக்கொண்டால், தாய் தன் எட்டில் ஒன்றை விடலாம். பிள்ளைகளுடையதை விட அவருக்கு அதிகாரமில்லை. அவர்கள் பெரியவர்களானதும் அவர்களே தீர்மானிப்பார்கள்.

தவறு செய்தவருக்கும் ஒரு வரி. தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே உரியவரிடம் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள், அன்று நன்மைகளைக் கொடுத்துத் தீர்க்க வேண்டிவரும் என்கிறது நபிமொழி. அதற்கு இருநூறு பேருக்கு அனுப்பும் செய்தி போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது முதல் படி, வாய் மன்னிப்பு அடுத்த படி. உரியவர் இறந்துவிட்டால் பொருள் அவர் வாரிசுகளுக்குப் போக வேண்டும்.

## பேசும்போது

நான்கையும் பிரித்துவிட்டால் பேச்சும் எளிதாகும். பேச வேண்டியதைத் தனியாகப் பேசுங்கள், பெருநாள் அன்றோ கல்யாண வீட்டிலோ வேண்டாம். எதை விடுகிறீர்கள், எதை விடவில்லை என்று இரண்டையும் சொல்லுங்கள். “மாமா, அன்னைக்கு நீங்க உம்மாவைப் பேசினதை அல்லாஹ்வுக்காக விட்டுட்டேன், இனி அதை எடுக்க மாட்டேன். வீட்டுப் பங்கு விஷயம் வேற. அதை ஹஸ்ரத்தையும் வக்கீலையும் வெச்சுப் பேசுவோம்.” இப்படிச் சொன்னால் விட்டது எது, நிற்பது எது என்று எதிரே இருப்பவருக்குக் குழப்பமிருக்காது. நேரில் சொன்னால் சண்டையாகும் என்றால் உள்ளத்தில் விட்டாலே போதும். அஃப்வ் செல்லுபடியாக அவர் காதில் விழ வேண்டும் என்றில்லை.

நீங்கள் மன்னிப்புக் கேட்பவராக இருந்தால் “ஏதாவது தப்பு பண்ணியிருந்தா” என்று தொடங்காதீர்கள். புறம் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கும்போது பேசியதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டுமா, பொதுவாகக் கேட்டால் போதுமா என்பதில் ஷாஃபிஈ (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) அறிஞரிடையே இரு கருத்து உண்டு. குறிப்பிட்டால் புதிய காயம் ஏற்படும் என்றால் பொதுவாகக் கேட்பதே நல்லது. பணத்தில் அப்படி இல்லை, தொகையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

## “வாசல் மிதிக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்திருந்தால்

சமாதானம் தடைபடுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம் இது: “நான் சத்தியம் பண்ணிட்டேனே.” சத்தியம் செய்த பின் அதைவிட நல்லது ஒன்றைக் கண்டால், நல்லதைச் செய்துவிட்டுப் பரிகாரம் கொடுக்க வேண்டும் என்பது நபிமொழி. வெறும் “மாட்டேன்” சத்தியம் ஆகாது. “உம்மா மேல சத்தியமா” என்பதும் ஆகாது, அப்படிச் சத்தியம் செய்வதே தடுக்கப்பட்டது. அல்லாஹ்வின் பெயரால் செய்திருந்தால் பரிகாரம், அதாவது கஃப்ஃபாரா, உண்டு.

அளவு 5:89இல் இருக்கிறது. பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை. அல்லது ஓர் அடிமையை விடுவித்தல். இவற்றுக்கு வசதியில்லாதவர் மூன்று நோன்பு. நம் ஊரில் பலரும் எடுத்த எடுப்பில் மூன்று நோன்பு வைத்துவிடுகிறார்கள். வசதி உள்ளவருக்கு அது நிறைவேறாது. ஷாஃபிஈ முறையில் ஊரின் முக்கியத் தானியத்தை ஆளுக்கு ஒரு ‘முத்’, சுமார் 600 முதல் 750 கிராம், பத்துப் பேர் கையில் கொடுக்க வேண்டும். மற்றொரு சட்டப் பிரிவான ஹனஃபீ முறையில் பத்துப் பேருக்கு இரண்டு வேளை வயிறாரச் சோறு போடலாம். அல்லது ஆளுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் கோதுமை, அல்லது அதன் விலை.

இதற்கு ஆயிஷா (ரலி) வாழ்விலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. தாராளமாகக் கொடுத்துவிடும் சிற்றன்னையின் கையைக் கட்டப்போவதாக, அக்காள் அஸ்மாவின் மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் பேசிவிட்டார். கேள்விப்பட்ட ஆயிஷா, அவரோடு இனி பேசுவதில்லை என்று நேர்ச்சை செய்தார். நாட்கள் நீண்டன. பலர் வந்து பேசியும் இறங்கவில்லை. கடைசியில் மிஸ்வர் இப்னு மக்ரமாவும் அப்துர் ரஹ்மான் இப்னுல் அஸ்வதும் இப்னு ஸுபைரைத் தங்கள் போர்வைக்குள் மறைத்துக் கூட்டிவந்து, “உள்ளே வரலாமா?” என்று கேட்டார்கள். “வாருங்கள்.” “எல்லோருமா?” “எல்லோரும்தான்.” இப்னு ஸுபைர் திரைக்குள் நுழைந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். மற்ற இருவரும் மூன்று இரவு நபிமொழியை நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். “நான் நேர்ந்துவிட்டேன், நேர்ச்சை கடுமையானது” என்று அழுதபடி ஆயிஷா பேசினார். ஓர் அடிமையை விடுவித்தாலே போதும் என்ற இடத்தில் 40 பேரை விடுவித்தார். அதன் பிறகும் அந்த நேர்ச்சையை நினைக்கும்போதெல்லாம் முக்காடு நனையும்வரை அழுவார் என்று அறிவிப்பாளர் சொல்கிறார்.